நாவலும் நேரமும்

"கதை மனத்தில் உருவாகிக் கிடக்கிறது, எழுதத்தான் நேரமில்லை" என்பது ஆசிரிய அன்பர்களிடையே ஓயாது கேட்கும் முறையீடு. பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்குப் பேருந்தில் நெருக்குண்டு சென்று, மாலையில் விடைத்தாட் கட்டுடன் மீள்பவர் இதனைக் கூறின் அது பொய்யன்று. ஆயினும், ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் பலரும் கொள்ளும் 'அஸன்பே சரித்திரம்' ஓய்ந்திருந்தவர் கையிற் பிறந்ததன்று. 1885ஆம் ஆண்டில் அதனை வெளியிட்ட சித்திலெப்பை, கண்டியில் வழக்கறிஞர். 1882 முதல் 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவர். பாடசாலைகள் நிறுவவும் உழைத்தவர். தம் கதையை எகிப்துவரை கொண்டுசென்றார்!

நேரத்தைத் தின்பது பெரும்பாலும் வேறொன்று. பண்டிதருக்குத் திருத்தும் வழக்கம் கூடப்பிறந்தது. மூன்று வரி எழுதி இரண்டை அடிப்பார். முதல் அத்தியாயத்தையே மூன்று விடுமுறைகள் செப்பனிடுவார். லயத்து வாழ்வை அருகிருந்து அறிந்த தோட்டப் பாடசாலை ஆசிரியரின் கதையும் இவ்வாறே பெட்டியில் உறங்குகிறது. அவர் கண்டதை அவரன்றி எழுதுவார் யார்? முதற்படி பிறர் பார்வைக்குரியதன்று. ஓரிடத்தில் வல்லெழுத்து மிகாது போயினும் கதை நின்றுவிடாது. நாளுக்கு அரைப் பக்கமெனில் ஓராண்டில் 180 பக்கங்களுக்கு மேல் சேரும். சந்திப் பிழைகளை அடுத்த ஆண்டில் களைந்துகொள்ளலாம்.