ஆறாத வலிக்கு மறு ஆலோசனை

கடன் தவணை ஒரு நாள் தவறினாலே அக்கணக்கைத் தனியே குறித்துக்கொள்வது வங்கிகளின் வழக்கம். 30 நாள் வரை ஒரு பிரிவு, 60 வரை அடுத்தது, 90 வரை மூன்றாவது. அதையும் கடந்தால் வாராக்கடன். இந்த எச்சரிக்கைப் படிகளை நாள்தோறும் பார்க்கும் நானே, என் உடலில் ஒரு தவணை தவறியதை இரண்டு மாதம் கவனியாமல் விட்டேன்.

கடந்த ஆண்டு உடற்பயிற்சிக் கூடத்தில், பலகையில் படுத்தபடி எடைக்கம்பியை மார்பை நோக்கி இறக்கும்போது, வலப்புறம் அக்குளருகே ஏதோ கிழிந்தாற்போல் இருந்தது. மார்புவலி என்றதும் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எடுக்கத்தான் வேண்டும். இதயத்தில் குறையில்லை என்றதும் வீட்டில் அனைவருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியே வினையாயிற்று. "தசைப்பிடிப்புதான், மூன்று வாரம் ஓய்வெடுங்கள்" என்றார் மருத்துவர். மூன்று வாரம் எட்டு வாரமாயிற்று. பெட்டக அறைக் கதவைத் தள்ளக்கூட வலக்கையில் வலுவில்லை.

வேறொருவரிடம் சென்றால் முதல் மருத்துவரை அவமதித்ததாகுமோ என்று தயங்கினேன். அத்தயக்கம் தேவையற்றது என்பதே என் கருத்து. குறித்த காலத்தில் வலி குறையாவிடில், அதை மீண்டும் ஆராய வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை. அதே மருத்துவரிடமும் கேட்கலாம், வேறொருவரிடமும் கேட்கலாம்.

எலும்பு மூட்டு மருத்துவர் இருபுற மார்பையும் ஒப்பிட்டு நோக்கினார், உள்ளங்கைகளைக் கூப்பி அழுத்தச் சொன்னார், பின்னர் எம்.ஆர்.ஐ. எழுதினார். பெருமார்புத் தசை மேற்கை எலும்புடன் இணையும் தசைநாணருகே பகுதிக் கிழிசல். முழுக் கிழிசலாயின் முதல் சில வாரங்களிலேயே தைப்பது நல்லது, நாள்பட்டால் தசை சுருங்கித் தழும்பேறிவிடும் என்றார். இயன்முறைப் பயிற்சியோடு நான் தப்பியது தற்செயலே.

செலவைச் சொல்லாவிட்டால் வங்கிக்காரன் எப்படி? பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் புறநோயாளிச் செலவை ஏற்பதில்லை. ஸ்கேன் கட்டணம் என் கையிலிருந்தே போயிற்று. ஆயினும் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அதற்கு முந்தைய 30 நாளில் அதே பாதிப்புக்குச் செய்த பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் ஏற்கின்றன. ஆகவே சீட்டு, ரசீது, அறிக்கை மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். முதற்சீட்டை நான் எறிந்துவிட்டேன். எந்த மாத்திரையை எத்தனை நாள் உண்டீர்கள் என்று இரண்டாமவர் கேட்டபோது விழித்தேன்.

பெட்டக அறைக் கதவை இப்போது இரு கைகளாலும் தள்ளுகிறேன். எடைக்கம்பியை இன்னும் தொடவில்லை.