கைவிட்ட வழக்கறிஞரைக் கேட்பார் யார்?

அத்திப்பட்டு உழவன் ஒருவன் நிலவுரிமை நாடிப் பொன்னேரி வழக்குமன்றம் ஏறுவதாகக் கொள்வோம். தாலியை அடகுவைத்துக் கட்டணம் கொடுக்கின்றான். பெற்றுக்கொண்ட வழக்கறிஞரோ வழக்கு நாளில் வாரார், வழக்குத் தள்ளப்பெறுகின்றது. வாயிருந்தும் ஊமையாகின்றான் அவ்வேழை.

இதனைக் கேட்பார் இலரோ? உளர். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் 35ஆம் பிரிவின்படி, தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் முறையிடலாம். அதன் ஒழுங்குக்குழு கடிந்துரைக்கலாம், சிலகாலம் தொழில்செய்யாது நிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். ஓராண்டில் முடிவு காணாவிடின், முறையீடு இந்திய வழக்கறிஞர் மன்றத்திற்கு மாறும்.

வழக்கறிஞர்பணி நுகர்வோர் சட்டத்துள் அடங்காது என 2024 மே 14இல் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கதவு அடைபட்டது. இழப்பீட்டுக்குத் தனிவழக்குத் தொடுத்தலோ ஏழைக்கு எளிதன்று. எனவே, ஒழுங்குக்குழுவின் கதவேனும் அகலத் திறந்திருத்தல் வேண்டும். தம்மவர் என்று குற்றத்தை மூடும் குழு, குற்றஞ் செய்தாரினும் கொடிது.

முறையிடும் வழியை நற்றமிழில் எழுதி, வழக்குமன்ற வாயில்தோறும் ஒட்டுக!

தமிழர்களே! கட்டணச் சீட்டையும் வழக்குத்தாள்களின் படியையும் கேட்டு வாங்குங்கள். அவையே நாளை உங்கள் சான்று. கேளாதிருப்பார்க்குக் கேடே மிஞ்சும்!