ரெடியா... ஜூட்!

காலையில எழுந்ததுலேர்ந்து இந்த வரிக்கு வந்து சேர்ற வரைக்கும் ‘ரெடி’ங்கிற வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? மெஸ்ல தோசை ரெடியா, ரெக்கார்டு நோட்டு ரெடியா, ட்ரீட்டுக்கு நான் ரெடி நீ ரெடியா... ஒரு நாள் எண்ணிப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். மதியத்துக்குள்ள நாற்பதைத் தாண்டிடுச்சு, விட்டுட்டேன்!

இந்த வாரம் மைக் முன்னாடி நிக்கிறவர் மிஸ்டர் ரெடி. இவரைக் கூப்பிட ஒரு காரணம் இருக்கு. அது கொஞ்சம் கடுப்பான காரணம், கடைசியில சொல்றேன்.

முதல்ல பூர்வீகம். பழைய ஆங்கிலத்துல ‘ரேட’ங்கிற மாதிரி ஒரு உருவத்துல இருந்த சொல் இது. ‘ரைட்’, அதாவது சவாரி பண்றதுன்னு ஒரு சொல் இருக்கே, அதோட ரெடிக்கு ரத்த சொந்தம் இருக்கலாம்னு சொல்லாராய்ச்சிக்காரங்க கருதறாங்க. பயணத்துக்கு எல்லாம் ஏற்பாடா இருக்குங்கிறதுதான் மூல அர்த்தமாம். சரி, நாம சுத்தத் தமிழ்ல பேசுவோம்னு ‘தயார்’னு சொல்றீங்களா? அதுவும் வெளியூர்க்காரர்தான் பாஸ்! பாரசீகம், உருது வழியா வந்தவர். பறக்கத் தயாரா இருக்கிற வேட்டைப் பருந்தைச் சொன்ன சொல்லுன்னு அதுக்கு ஒரு விளக்கம் உண்டு. அங்கே குதிரை, இங்கே பருந்து. நம்ம வீடுகள்ல இன்னும் சிம்பிள்... ‘கிளம்பியாச்சா?’ யாழ்ப்பாணத்துல ‘வெளிக்கிட்டாச்சோ?’ தலை சீவி, பவுடர் போட்டு, செருப்பை மாட்டினது வரைக்கும் அந்த ஒரே சொல்லுக்குள்ள அடங்கிடும்.

இனி இங்கிலீஷ்காரங்க இதை எப்படியெல்லாம் பயன்படுத்தறாங்கன்னு பார்ப்போம். ‘ரெடி விட்’னா சட்டுனு வர்ற சமயோசிதம். ‘ரெடி கேஷ்’னா கைரொக்கம். ஒருத்தர் குறை சொல்ல ‘டூ ரெடி’யா இருக்கார்னா, எப்படா தப்பு வரும்னு காத்துக்கிட்டு இருக்கார்னு அர்த்தம் (உங்க கிளாஸ்லயும் ஒருத்தர் இருப்பார்!). ‘ரெடி டு க்ரை’னா அழுகை தொண்டை வரைக்கும் வந்தாச்சு. ‘ரெடி டு’வுக்குப் பின்னாடி வினைச்சொல், ‘ரெடி ஃபார்’க்குப் பின்னாடி பெயர்ச்சொல். ‘ஆல்ரெடி’ங்கிறது ‘ஆல்’ சேர்ந்த நம்ம ரெடியேதான். ‘முழுக்கத் தயார்’னு ஆரம்பிச்சு ‘ஏற்கெனவே’ன்னு அர்த்தம் மாறிடுச்சு. அதனால ரெண்டு ‘எல்’ போட்டுப் பிரிச்சு எழுதினா ‘எல்லாரும் ரெடி’, ஒட்டி ஒரு ‘எல்’ போட்டா ‘ஏற்கெனவே’. இன்டர்னல்ல ஒரு மார்க் இதுலதான் போகும்.

ஆனா எந்த டிக்‌ஷனரியிலயும் இல்லாத ஒரு அர்த்தம் நம்மகிட்ட இருக்கு. மானகிரியில எங்க அப்பத்தா, ‘ஏய்யா, இந்த மிக்ஸியை ரெடி பண்ணிக் குடுக்கச் சொல்லுய்யா’ம்பாங்க. ரிப்பேர் பார்க்கிறதுன்னு அர்த்தம்! லண்டன்காரர்கிட்ட ‘ரெடி த மிக்ஸி’ன்னு சொன்னா அவர் தேங்காயை எடுத்துக்கிட்டு வருவாரே தவிர ஸ்க்ரூட்ரைவரை எடுக்க மாட்டார். ‘பத்தாயிரம் ரெடி பண்ணணும்’னா கடன் வாங்கணும். ‘உன்னை ரெடி பண்றேன்டா’ன்னா... ஓடிடுங்க.

அப்புறம் ‘ரெடி ஜூட்’. கண்ணாமூச்சி ஆடின எல்லாருக்கும் தெரியும். ஆனா பாருங்க, நிஜமான ஓட்டப் பந்தயத்துல ‘ரெடி’யே கிடையாது. 400 மீட்டர் வரைக்கும் ‘ஆன் யுவர் மார்க்ஸ்’, ‘செட்’, அப்புறம் துப்பாக்கி. அதுக்கு மேல தூரம்னா ‘செட்’டும் கிடையாது. நீ ரெடியான்னு அங்கே யாரும் கேட்கிறதில்லை.

இப்ப நம்ம ஏரியா, இன்ஜினீயரிங். சிவில் மக்களுக்கு ரெடிமிக்ஸ் கான்கிரீட். லாரியில ஏத்தின நேரத்துலேர்ந்து சாதாரணமா ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொட்டியாகணும். ரெடியானதை ரொம்ப நேரம் காக்க வச்சா கல்லாயிடும்!

எலெக்ட்ரானிக்ஸ் மக்களுக்கு 8085 சிப். அதுல 35-வது காலுக்குப் பேரே ‘ரெடி’. மெமரி மெதுவானதா இருந்தா அந்தக் கால்ல சிக்னலை இறக்கி வைக்கும். ‘இரு, இன்னும் ரெடியாகலை’ன்னு அர்த்தம். அவ்வளவு வேகமான ப்ராசஸர், ஒண்ணும் பேசாம வெயிட் ஸ்டேட் போட்டுக்கிட்டு நிக்கும். ‘ஸ்லோவா இருக்கியே, நீ வேஸ்ட்’னு திட்டாது.

கம்ப்யூட்டர் மக்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்துல ‘ரெடி ஸ்டேட்’. ஒரு ப்ராசஸுக்கு வேண்டியதெல்லாம் கைவசம் இருக்கு, சிபியு மட்டும் கிடைக்கலை. அதனால க்யூவில நிக்குது. ஷெட்யூலர் கூப்பிட்டாத்தான் ஓடலாம். ப்ரையாரிட்டி கம்மின்னா கூப்பிடவே மாட்டாங்க. அதுக்குப் பேரு ‘ஸ்டார்வேஷன்’, பட்டினி! எம்.ஐ.டி-யில இருந்த ஐபிஎம் 7094 மெஷினை 1973-ல நிறுத்தினப்போ, 1967-ல குடுத்த ஒரு வேலை ஓடாமலே அதுக்குள்ள காத்துக்கிட்டு இருந்துச்சாம். நம்ம பாடப்புத்தகத்துல வதந்தின்னு போட்டேதான் இந்தக் கதை வரும். ஆறு வருஷம்! இதுக்கு மருந்து ‘ஏஜிங்’. காத்திருக்கக் காத்திருக்க ப்ரையாரிட்டியை ஏத்திவிடறது.

கடுப்புக் கதைக்கு வந்துட்டேன். ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒருத்தன். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். எங்க ப்ளாக்ல செத்துப்போன லேப்டாப், ஹெட்போன், இஸ்திரிப்பெட்டி எல்லாம் ராத்திரி அவன் கட்டிலுக்கு வரும், காலையில உயிரோட போகும். காசு வாங்க மாட்டான், டீ மட்டும். போன மாசம் ப்ளேஸ்மென்ட்டுக்கு ஒரு மாக் இன்டர்வியூ நடந்துச்சு. ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ல திக்கினான். மூணே நிமிஷம். ஃபார்ம்ல எழுதிக் குடுத்துட்டாங்க, ‘நாட் இண்டஸ்ட்ரி ரெடி’.

ஊரையே ரெடி பண்றவன் ரெடி இல்லையாம்!

அவன் அன்னிக்கு சாப்பிட வரலை. நான் போய்க் கூப்பிட்டப்போ, ‘அவங்க சொன்னது கரெக்ட்தானே மச்சி’ன்னான். அதுதான் எனக்குத் தாங்கலை. இங்கிலீஷ் பேசக் கத்துக்கணும், சந்தேகமே இல்லை. கிளையன்ட்கிட்ட நாளைக்கு அவன்தான் பேசணும், அதையும் ஒத்துக்கிறேன். ஆனா ‘இன்னும் இன்டர்வியூவுக்கு ரெடியாகலை’ன்னு எழுதறதும், தொழிலுக்கே ரெடி இல்லைன்னு எழுதறதும் ஒண்ணா? 35-வது காலுக்குத் தெரிஞ்சது ஃபார்ம் நிரப்பறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?

ரெடின்னா என்னன்னு எங்க ஊர்ப் பக்கம் ஒரு பெரிய மனுஷர் காட்டியிருக்கார். 1947 ஜூலை, சென்னையில அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. தனவந்தர்கள் கல்லூரி ஆரம்பிக்க முன்வரணும்னு துணைவேந்தர் ஆ.இலட்சுமணசாமி முதலியார் கேட்கிறார். கூட்டத்துல இருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து நின்னு, காரைக்குடியில ஆரம்பிக்கிறேன், லட்ச ரூபாய் தர்றேன்னு சொல்லிட்டார். ஆகஸ்ட்ல காலேஜ் நடக்குது! சொந்தக் கட்டடம் ரெடியா? இல்லை. காந்தி மாளிகையில வச்சு ஆரம்பிச்சாச்சு. அடுத்த வருஷமே, மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தார். 1948 ஜூலையில நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1952-ல இன்ஜினீயரிங் காலேஜ். 1957-ல அவர் காலமானப்போ வயசு ஐம்பதைத் தொடலை. மானகிரியிலேர்ந்து காரைக்குடி பஸ் ஏறி அந்த வளாகத்தைத் தாண்டும்போதெல்லாம் நினைச்சுக்குவேன், முழுசா ரெடியான பிறகுதான்னு அவர் உட்கார்ந்திருந்தா இங்கே பொட்டல்தான் இருந்திருக்கும்.

இதை ரூம்மேட்கிட்ட சொன்னேன். ‘அவர்கிட்ட லட்ச ரூபா ரெடியா இருந்துச்சேடா’ன்னான். பாயின்ட்தான்!

வர்ற வியாழக்கிழமை அவனுக்கு இன்னொரு இன்டர்வியூ. தினமும் ராத்திரி பத்தரைக்கு நான் ஹெச்.ஆர், அவன் கேண்டிடேட். கட்டிலே ஆபீஸ். நேத்து நாலு நிமிஷம் தடங்கல் இல்லாமப் பேசினான். நடுவுல நிறுத்தி, ‘மச்சி, ஐயம் ரெடி டு-வா, ரெடி ஃபார்-ஆ?’ன்னு ஒரு டவுட்டு. மேலே நாலாவது பாராவை இன்னொரு தடவை படிடான்னு இந்தக் கட்டுரையை நீட்டியிருக்கேன். இதை டைப் பண்ணின லேப்டாப்பும் அவன் ரெடி பண்ணினதுதான்.