வேலி வீட்டுக்குள் வரலாமா?

வேலி எதற்காக? எல்லையைக் காட்டுவதற்காக. ஒரு கதியால் ஓரடி தள்ளி நடப்பட்டதென்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறி இறங்கிய மக்கள் நாம். எல்லை என்றால் என்ன என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சட்டமும் ஒரு வேலியே. வலியவனிடமிருந்து எளியவனைக் காப்பது அதன் கடமை. அந்த வேலி காணியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, தாழிட்ட கதவையும் தாண்டிப் படுக்கையறைக்குள் வந்து நின்றால் அதனை என்னவென்று சொல்வது? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் அவ்விதம் உள்ளே நுழைந்த வேலிகள் என்றே நாம் கூறுவோம்.

இரண்டு ஆண்களை எண்ணிப் பார்ப்போம். இளமையில் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். நட்பென்று ஊர் நினைத்தது. காதலென்று அவர்கள் மட்டும் அறிந்திருந்தார்கள். 1983 ஆடியில் கொழும்பு எரிந்தது. ஒருவருடைய குடும்பம் கனடாவுக்குச் சென்றது. மற்றவர் இங்கேயே தங்கினார். ஆண்டுகள் பல உருண்டபின், தலையில் நரை தோன்றிய பருவத்தில், இருவரும் மீண்டும் சந்திக்கிறார்கள். அணைந்துவிட்டதென்று எண்ணியது நீறு பூத்த நெருப்பாக இருந்ததைக் காண்கிறார்கள். ஒருவரை ஒருவர் ஏமாற்றவில்லை; எவரையும் வற்புறுத்தவில்லை; இருவரும் வயதும் அறிவும் முதிர்ந்தவர்கள். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?

இப்படியும் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு எமது இலக்கியமே விடை தந்திருக்கிறது. கொழும்பிலே பிறந்து, 1983 கலவரத்தின் பின் குடும்பத்தோடு கனடா சென்ற ஷியாம் செல்வதுரை, ‘த ஹங்ரி கோஸ்ற்ஸ்’ என்னும் ஆங்கில நாவலை 2013இல் வெளியிட்டார். தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த சிவன் என்பவன், கனடாவிலிருந்து கொழும்பு திரும்பியபோது, பள்ளிக்கால அறிமுகமான மிலியைக் காண்கிறான், காதல் கொள்கிறான். குடும்ப மானம் என்ற பெயரால் அக்காதல் முறிக்கப்படுகிறது. மிலி உயிரையே இழக்கிறான். அங்கே கை ஓங்கியது பொலிஸ் அன்று. சொந்தப் பாட்டியின் ஏவலாட்கள். ஆனால், ஓர் அன்பைக் குற்றமென்று நாட்டின் சட்டம் எழுதி வைத்திருக்கும்வரை, வீட்டிலுள்ள கொடுமைக்காரருக்கும் துணிவு பிறந்துகொண்டேயிருக்கும்.

“இது எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது, மேலைநாட்டுச் சரக்கு” என்பார் சிலர். சரக்கு எங்கிருந்து வந்ததென்று பார்ப்போம். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்து வழக்கங்கள் தேசவழமையாகத் தொகுக்கப்பட்டன. முதுசம், சீதனம், தேடியதேட்டம், சுவீகாரம், ஒற்றி ஆகியவற்றைப் பற்றி அது விரித்துரைக்கிறது. இரண்டு ஆண்களின் காதலுக்குச் சிறை என்று அது கூறவில்லை. அதைக் கூறியது 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆங்கிலேய ஆட்சி தந்தது. இந்தியாவுக்காக மெக்காலே வரைந்த சட்டத்தைப் பின்பற்றியது. 365ஆம் பிரிவின் கீழ்ப் பத்து ஆண்டு வரையும், 365அ பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரையும் சிறை விதிக்கலாம். மேலைநாட்டுச் சரக்கு என்றால் இந்தத் தண்டனைதான் மேலைநாட்டுச் சரக்கு!

தந்தவனோ அதனைக் கைவிட்டுவிட்டான். முதிர்ந்த இருவர் இணங்கித் தனிமையில் நடந்துகொள்வதைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்று வுல்ஃபென்டன் குழு 1957இல் பிரித்தானிய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. 1967இல் இங்கிலாந்தும் வேல்சும் சட்டத்தைத் திருத்தின. மெக்காலேயின் சட்டத்தை நேரே வாங்கிய இந்தியாவில், 2018 செப்டெம்பர் 6ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து முதிர்ந்தோரின் இணக்கத்தைக் குற்றத்திலிருந்து நீக்கினர். இங்கே நடந்தது யாது? 1995இல் சட்டம் திருத்தப்பட்டது. விடுவிப்பதற்காகவா? 365அ பிரிவில் ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று எழுதிப் பெண்களையும் அதே வலைக்குள் இழுத்துப் போட்டார்கள்!

மேலே சொன்ன இருவரிடம் மீண்டும் வருவோம். கனடா இத்தகைய உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து 1969இல் நீக்கியது. 2005இல் திருமணத்தையே அனுமதித்தது. ரொறன்ரோவில் விமானம் ஏறும்போது அவர் மதிப்புள்ள குடிமகன்; கட்டுநாயக்காவில் இறங்கிப் பழைய தோழரின் கையைப் பற்றியதும் குற்றத்தின் வாசலில் நிற்பவர். மனிதர் மாறவில்லை, அன்பு மாறவில்லை, மண் மட்டுமே மாறியது. தாய்மண் என்று நாம் நெகிழ்ந்து பேசும் மண் இப்படியா தன் மகனை வரவேற்க வேண்டும்?

“அது தூங்குகின்ற சட்டம், யாரை அது கடித்தது?” என்று சட்டம் படித்தவர்களே கேட்கிறார்கள். தூங்குகின்ற நாயை எழுப்பும் கோல் எவன் கையில் இருக்கிறது என்பதே எமது கேள்வி. அக்கோல் இலஞ்சம் கேட்பவன் கையில் இருக்கிறது. கடிதத்தைக் காட்டிப் பணம் பறிப்பவன் கையில் இருக்கிறது. பறிகொடுத்தவர் முறையிடவும் இயலாது. முறைப்பாடே ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். நோயுற்றால் வைத்தியரிடமும் உண்மையைச் சொல்ல அஞ்சுவார். மேலும், அந்த நாய் எப்போதும் தூங்கியதுமில்லை. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் முன் இரண்டு ஆண்களின் வழக்கு வந்தது. முதிர்ந்தோரின் இணக்கத்தில் அரசு காவல் புரியலாகாதென்னும் இக்காலச் சிந்தனையை நீதிமன்றம் எடுத்துரைத்தது. சிறைத் தண்டனையையும் ஒத்திவைத்தது. ஆயினும், சட்டம் ஏட்டில் இருந்தமையால், குற்றத் தீர்ப்பை உறுதி செய்தது. நீதிபதிகளின் மனம் இளகியும் சட்டத்தின் கை இளகவில்லை.

நேர்மையான ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அவ்விருவரில் ஒருவர் இதற்கிடையில் மணம் முடித்திருந்தால் அந்த மனைவியின் கதி என்ன? இந்த வினாவைத் தட்டிக் கழிப்பவர் நீதி பேசத் தகுதியற்றவர். அந்தப் பெண்ணே முதலில் வஞ்சிக்கப்பட்டவள். பழைய காதல் திரும்பி வந்தது என்பது கணவன் அவளிடம் பொய் சொல்வதற்கு உரிமைச் சீட்டாகாது. உண்மையைச் சொல்லி அவளுக்குரிய நியாயத்தைச் செய்வது அவன் கடன். ஆனால், அவளை அந்த மணவறையில் கொண்டுபோய் இருத்தியவர் யார்? “கட்டி வைத்தால் சரியாகிவிடும்” என்று சீதனம் பேசிய பெற்றோரும் உறவினரும் அல்லவா? மகனின் மனத்தை அறிந்தும் அறியாதவர்போல் இன்னொரு வீட்டு மகளின் வாழ்வைப் பணயம் வைத்தவர்கள், பிறகு பண்பாட்டைப் பற்றிப் பேசுவது எவ்வளவு பொருந்தும்? விளையாத நிலமென்று தெரிந்தும் அடுத்தவன் விதைநெல்லை வாங்கி விதைப்பவனை எந்தக் கமக்காரன் மன்னிப்பான்? அச்சத்தால் நடக்கும் மணங்கள் குறைய வேண்டுமானால் அச்சம் குறைய வேண்டும்.

“சிறுவர்களின் பாதுகாப்பு என்னாகும்?” என்று அஞ்சுவோருக்கும் விடை உண்டு. பலவந்தத்தையும் சிறுவர் மீதான கொடுமையையும் தண்டிக்கத் தனிப் பிரிவுகள் சட்டத்தில் இருக்கின்றன. அவை நிற்கட்டும், இன்னும் வலுப்பெறட்டும். நாம் கேட்பது முதிர்ந்தவர்களின் இணக்கத்தைப் பற்றி மட்டுமே.

2023இல் இப்பிரிவுகளைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலமொன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று அவ்வாண்டு மே மாதம் உயர் நீதிமன்றமும் வழிவிட்டது. வழி திறந்தது, நடப்பதற்குக் கால்கள் இல்லை! 2024இல் அந்தப் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் நிறைவேறாமலே போயிற்று.

எமது பிரதிநிதிகளிடம் நாம் வெளிப்படையாகக் கேட்கிறோம்: இவ்விடயத்தில் உங்கள் நிலை யாது? எண்ணிக்கையில் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சிறியவர்களின் வாழ்வைச் சட்டத்தால் நெரிப்பது என்னவென்று தமிழனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அதை அறிந்த நாமே, எம்முள் எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு அதையே செய்யலாமா? அடுத்த முறை வாக்குக் கேட்டு அவர்கள் படலையைத் திறக்கும்போது, வாசகர்களும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும்.

எவரும் எவரையும் புகழ வேண்டியதில்லை. விரும்பாதவர் விருந்துக்கு அழைக்கவும் வேண்டியதில்லை. பிரிந்து, காலம் கடந்து, மீண்டும் கண்டுகொண்ட இருவர் தமது வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு வேண்டும். வேலி வேலியின் இடத்திலேயே நிற்கட்டும்.