டைப் அடித்தது எங்கே போயிற்று?

"ஐயோ, போச்சே!"

கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளில் என்றாவது ஒரு நாள் இந்தக் குரல் கேட்கும். கரண்ட் போய்விடும். திரை இருண்டுவிடும். பாதி நாள் உட்கார்ந்து அடித்த எழுத்தெல்லாம் கண் எதிரே மறைந்துவிடும்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கே ஒரு பெண் எம்.ஏ. படிக்கிறாள். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள். 90 பக்கம். நாளை மறுநாள் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். அவளுடைய அண்ணன் பிளஸ்-2 படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் வீட்டில் இருக்கிறது. அதன் பாட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கரண்ட் போனால் லேப்டாப்பும் போய்விடும்.

போய்விட்டது!

"அம்மா! எல்லாம் போச்சும்மா!"

"என்னடி போச்சு?"

"எழுதினது பூராவும் போச்சு!"

"ஏன்டி அழுவுறே? தேடிப் பாரு. வீட்டுக்குள்ளதானே கெடக்கும்!"

மகளுக்குக் கோபம் வந்தது. 'அம்மாவுக்கு என்ன தெரியும்?' என்று நினைத்தாள். அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது அல்லவா? ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போடக் கற்றவள்.

ஆனால் அம்மா சொன்னதுதான் சரி! எழுதியது வீட்டுக்குள்ளேதான் கிடக்கிறது.

எங்கே இருக்கிறது?

வேர்டு என்ற புரோகிராமில் நாம் டைப் அடிக்கும்போது, அது நமக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்கிறது. 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அடித்ததை எல்லாம் தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கிறது. யாரும் மாற்றாமல் இருந்தால் 10 நிமிஷம்தான் கணக்கு. அதை 1 நிமிஷமாகவும் குறைத்து வைக்கலாம்.

கரண்ட் வந்ததும் வேர்டைத் திறந்தால், பெரும்பாலும் திரையின் இடது பக்கத்தில் அந்த நகலின் பெயர் தெரியும். அதைத் திறந்து, வேறு பெயர் கொடுத்து, உடனே சேவ் செய்ய வேண்டும். பலர் அவசரத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்காமலே மூடிவிடுகிறார்கள். கைக்கு வந்ததைத் தள்ளிவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்காருகிறார்கள்!

அங்கே தெரியாவிட்டாலும் இன்னொரு வழி உண்டு. ஒரு தடவைகூட சேவ் செய்யாத கடிதத்தையும் சில சமயம் பிடித்துவிடலாம். 'பைல்' என்பதைத் தட்டி, 'இன்போ'வுக்குள் போய், 'மேனேஜ் டாகுமெண்ட்' என்பதைத் தட்டினால், 'ரிகவர் அன்சேவ்டு டாகுமெண்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் பார்க்க வேண்டும்.

அழித்தால் அழியுமா?

கை தவறி அழித்துவிட்டால்? முதலில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். 'ரீசைக்கிள் பின்' என்பது அதுதான். ஆனால் பென் டிரைவில் அழித்தது அந்தத் தொட்டிக்கு வராது. இது பலருக்குத் தெரிவதில்லை.

தொட்டியையும் காலி செய்துவிட்டால்? அப்போதும் பதற வேண்டாம். ஒரு புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டால், பாடம் உள்ளேதானே இருக்கும்? பழைய ஹார்டு டிஸ்கிலும் அப்படித்தான். பெயர்தான் போகிறது. எழுத்து இருக்கிறது. அதன் மேல் வேறு ஒன்றை எழுதும்போதுதான் அது உண்மையில் அழிகிறது. ஆகையால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். 'மீட்கும் புரோகிராம்' என்று எதையாவது அதே டிஸ்கில் இறக்குவது, காணாமல் போன மோதிரத்தைத் தேடுகிறேன் என்று கிணற்றில் மண்ணைக் கொட்டுவது போல!

புதிய கம்ப்யூட்டர்களில் எஸ்.எஸ்.டி. என்ற டிஸ்க் வருகிறது. அது வேகமானது. அழிப்பதிலும் வேகம்! அழித்ததைக் கொஞ்ச நேரத்தில் அதுவே துடைத்துவிடும். அதில் மீட்பது கடினம். "எப்படியும் எடுத்துத் தருகிறேன், ஆயிரக்கணக்கில் பணம் கொடு" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

இன்னொரு கூத்தும் உண்டு. பைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். "கெட்டுப் போச்சு" என்று அதை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம்! அது கெடவே இல்லை. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். எழுத்துருவைப் போட்டால் தமிழ் தானாக வந்து நிற்கும். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக் கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த பத்திரங்களும் பாட்டன் கதைகளும் இன்னும் எத்தனையோ டிஸ்க்குகளில் தூங்குகின்றன.

கல்லுக்கும் நகல்!

மீட்பது எல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை, படி எடுத்து வைப்பது. படி என்றால் நகல்.

இது தமிழனுக்குப் புதிது அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலை இருக்கிறது. பாறையில் சங்கீதத்தையே வெட்டி வைத்திருக்கிறார்கள். 7-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு. கல்லில் வெட்டினால் அழியாது என்றுதான் நாம் நினைக்கிறோம். பழைய ஆட்கள் அப்படி நினைக்கவில்லை! சோழர் காலத்தில் பழைய கோவிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டியபோது, பழைய சுவரில் இருந்த எழுத்தைப் படி எடுத்துப் புதுச் சுவரில் வெட்டினார்கள். இது 'பழங்கற்படி' என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். எப்படி முடிந்தது? பல வீடுகளில் பலர் படி எழுதி வைத்திருந்த ஏடுகளைத் தேடி எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்ததால் முடிந்தது. ஒரே வீட்டில் ஒரே ஏடு இருந்து, அதையும் கரையான் தின்றிருந்தால்?

அமெரிக்காவில் நடந்த கதை ஒன்று. 'டாய் ஸ்டோரி-2' படத்தை 1998-ல் கம்ப்யூட்டரில் வரைந்து கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு தவறான கட்டளையைத் தட்டிவிட்டார்கள். படத்தின் பைல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. "நகல் இருக்கிறதே" என்று அதைத் திறந்தார்கள். நகல் எடுக்கும் கருவி வெகு நாட்களாகச் சரியாக வேலை செய்யவில்லை! படத்தைக் காப்பாற்றியவர் கேலின் சஸ்மன் என்ற பெண். பிள்ளை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு படி இருந்தது. அதைப் போர்வையால் சுற்றி, கைக்குழந்தையைப் போல் காரில் கொண்டு போனார்கள். மறு வருஷம் படம் வெளிவந்தது.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி. படி எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். அந்தப் படி வேறு இடத்திலும் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் கூரைகள் பறந்தன. லேப்டாப்பையும் பென் டிரைவையும் ஒரே பீரோவில் வைத்தால், மழை நீர் இரண்டையும் சேர்த்தே நனைக்கும்! ஒரு படி மாமா வீட்டில் இருக்கட்டும். அல்லது உங்கள் ஈ-மெயிலுக்கே ஒன்றை அனுப்பி வையுங்கள். காசு செலவில்லை.

டைப் அடிக்கும் கடைக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. காகிதத்தில் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிக் கொள்கிறார்கள். பைலைக் கொடுப்பதில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்று போனால், "சிஸ்டம் போயிடுச்சு, முதல்லேருந்து அடிக்கணும்" என்கிறார்கள். மறுபடியும் கூலி! சுயஉதவிக் குழுப் பெண்ணின் மனுவும், விவசாயியின் விண்ணப்பமும் அவர்கள் சொத்து. காகிதத்தோடு பைலையும் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த ஆலங்குடிப் பெண்ணின் கதையை முடித்துவிடுவோம். கரண்ட் வந்தது. வேர்டைத் திறந்தாள். இடது பக்கத்தில் கட்டுரையின் பெயர் நின்றது. 90 பக்கத்தில் கடைசி இரண்டு பத்திகள்தான் இல்லை.

"கெடச்சுதாடி?" என்றாள் அம்மா.

"கெடச்சுதும்மா."

"நான்தான் சொன்னேனே!" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்த வழிகளை அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டர் என்றால் என்ன, அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறாள். அந்த வகுப்பில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆசிரியர் ஒரு பைலை எல்லோரும் பார்க்க அழிக்கட்டும். பிள்ளைகள் அதைத் தேடி எடுக்கட்டும்.