புதுப் பேட்டை அவசரப்பட்டு அவிழ்த்துவிட வேண்டாம்

வயலை விட்டு வந்த குடும்பத்துக்கும் நாலைந்து ஊர்க்கோழி வளர்க்க இடம் கிடைக்கும். முட்டைக் காசு பிள்ளைகளின் கொப்பி, பேனைக்கு உதவும். ஆனால் புதிதாக ஒரு விடைக்கோழி வாங்கினால், அன்றைக்கே அதைப் பழைய கோழிகளோடு அவிழ்த்துவிடுகிறோம். “கொத்துப்பட்டுத்தான் பழக வேண்டும்” என்கிறோம். இந்தப் பழக்கம் நமக்கு நட்டத்தையே தருகிறது.

கோழிகளுக்குள் மேல், கீழ் என்ற ஒழுங்கு உண்டு. நோர்வே நாட்டு ஆய்வாளர் செல்டெரப்-எபே 1921ஆம் ஆண்டிலேயே இதை விளக்கினார். எது முதலில் தின்பது, எது விலகி நிற்பது என்பதெல்லாம் அந்த ஒழுங்கின்படியே நடக்கும். புதியது வந்தால் ஒழுங்கு குலையும். பழையவை அதனைத் துரத்திக் கொத்தும். இரத்தம் கண்டால் இன்னும் கொத்தும். பயந்து ஒதுங்கும் பேடு தீனின்றி மெலிந்துவிடும்.

அதிலும் பெரிய ஆபத்து நோய். இராணிக்கெட் என்னும் கழிச்சல் நோய் தொற்றிய கோழி, சில நாட்களுக்கு நல்ல கோழி போலவே நிற்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. வந்தபின் மாற்ற மருந்து இல்லை. ஒரு கோழியால் வளவிலுள்ள எல்லாக் கோழிகளும் அழியலாம்.

ஆகவே புதுப் பேட்டை மூன்று வாரம் வளவின் தூர மூலையில், நிழலில், கரப்பின்கீழ் வையுங்கள். தீனும் தண்ணீரும் வேறு பாத்திரத்தில் கொடுங்கள். பழைய கோழிகளைப் பார்த்த பின்னரே புதியதிடம் போங்கள். பின்பு கையைக் கழுவுங்கள். கழிச்சல், மூக்குநீர், செள் இருக்கின்றனவா என்று தினமும் கவனியுங்கள். சுகமாக இருந்தால், கரப்பை மற்றக் கோழிகளுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வையுங்கள். ஒன்றையொன்று கண்டு பழகட்டும். அதன்பின் ஒரு நாள் இரவில், எல்லாம் உறங்கும்போது கூட்டில் விடுங்கள். விடிந்ததும் தீனை இரண்டு மூன்று இடங்களில் போடுங்கள். ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் கொப்புகளைப் போட்டு வையுங்கள். சிறு கொத்தலில் தலையிட வேண்டாம். காயம் கண்டால் பிரித்து, ஆறியபின் மீண்டும் விடுங்கள்.

கூலிக்குப் போகும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கலாம். வேண்டியது ஒரு கரப்பும் நாலு வாரப் பொறுமையுந்தான். வளர்த்த கோழிகளையெல்லாம் புதைப்பதைவிட அது பெரிய வேலையல்ல.

உதவி வழங்குவோருக்கும் ஒரு சொல். தனிக் கோழியைக் கொடுக்காதீர்கள். ஒரே வயதில், ஒன்றாக வளர்ந்த இரண்டு மூன்றைத் தடுப்பூசி போட்டுக் கொடுங்கள். துணையிருந்தால் கொத்து ஒன்றின்மேலேயே விழாது. கரப்பை முதலிலும் கோழியைப் பின்னரும் கொடுங்கள். எண்ணிக் கொடுத்துப் படம் எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. ஒரு மாதத்தின் பின் வந்து எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று பாருங்கள்.

அயலார் வளவில் புதிதாக வந்து நிற்பதன் கஷ்டம் நமக்குத் தெரியாததா? வாயில்லாத சீவனுக்கும் பழகுவதற்குக் கொஞ்சக் காலம் கொடுப்போம்.