ஆலையை விட்டு வந்த கண்ணாடி

பாண்டம் வனைய விரும்புகிறவனுக்கு ஒரு சக்கரமும் சூளையும் போதும். நூற்க விரும்புகிறவனுக்கு ஒரு ராட்டை போதும். கண்ணாடியை ஊதி உருவம் சமைக்க விரும்பிய கலைஞனுக்கோ நெடுங்காலம் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இரவு பகல் அணையாத பேருலை வேண்டும். சுற்றிலும் ஆட்கள் வேண்டும். ஆகவே, படம் வரைபவர் ஒருவர், நெருப்பின் முன் நின்று ஊதுபவர் வேறொருவர் என்று தொழில் இரண்டுபட்டுக் கிடந்தது. வரைந்தவருக்குக் கை சுடவில்லை; கை சுட்டவருக்குப் பெயர் கிட்டவில்லை.

இந்தப் பிரிவினைக்கு உடன்படாதவர் சிலர் இருந்தனர். பிரான்சு தேசத்து ஓவியர் மோரிஸ் மரினோ தாமே ஊதக் கற்று, அரிய குப்பிகளும் ஜாடிகளும் செய்தார். ஆயினும் உலை அவருடையதன்று. நண்பர்களுடைய ஆலையைச் சேர்ந்தது. 1937-இல் அந்த ஆலை மூடப்பட்டதும் அவருடைய கண்ணாடி வேலையும் நின்றுபோயிற்று. கருவி பிறர் வசம் இருக்குமளவும் கலையும் பிறர் வசமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

விடை 1962-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவில் கிடைத்தது. விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் மட்பாண்டக் கலை போதித்துவந்த ஹார்வி லிட்டில்டன், கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன கார்னிங் நகரத்தில் பிறந்தவர். அவர் தந்தை அவ்வூர்க் கண்ணாடிக் கம்பெனியின் பௌதிக சாஸ்திரி. ஒஹாயோ மாகாணத்து டொலீடோ நகரக் கலைக் காட்சிசாலையின் தோட்டத்துக் கொட்டகையொன்றில் லிட்டில்டன் ஒரு சிறு உலையை அமைத்து, மட்பாண்டக் கலைஞர் சிலரைக் கூட்டினார். முதல் உருக்கு பயன்படவில்லை. அப்பொழுது கைகொடுத்தவர் டொமினிக் லபினோ என்ற ஆராய்ச்சி நிபுணர். உலையைத் திருத்த வழி சொன்னதோடு, கண்ணாடி நார் இழைப்பதற்கென்று வார்த்த கோலிக்குண்டுகளையும் அவர் கொடுத்தார். அவை இலகுவில் உருகின. ஆலையில் ஊதி ஓய்வு பெற்ற லீப்கிரீன் என்ற முதியவர் வந்து, குழலைப் பிடிக்கும் விதத்தைக் கற்பித்தார். உபாத்தியாயர்கள் அன்று தொழிலாளியின் மாணாக்கர் ஆயினர்.

அங்கே செய்தவை கோணலான குமிழிகளே. ஆலைத் தொழிலாளி அவற்றைக் கண்டு நகைத்திருப்பான். ஆயினும் நினைத்தவனே செய்தான் என்பதில் அவற்றின் மதிப்பு இருந்தது. லிட்டில்டன் தாம் அறிந்ததை மறைத்து வைக்கவில்லை; அவ்வாண்டே தம் சர்வகலாசாலையில் கண்ணாடி வகுப்புத் தொடங்கினார். அவருடைய மாணாக்கர்களுள் மார்வின் லிபாஃப்ஸ்கி கலிபோர்னியாவிலும், சாம் ஹெர்மன் லண்டனிலும் உலை மூட்டினர். டேல் சிஹூலி 1971-இல் வாஷிங்டன் மாகாணத்தில் பில்சக் பள்ளியை நிறுவியவர்களுள் ஒருவரானார்.

அந்தச் சிஹூலி 1976-இல் ஒரு விபத்தில் இடக்கண் பார்வையை இழந்தார். சில ஆண்டுகளில் ஊதுகுழலை உதவியாளர்களிடம் ஒப்படைத்துத் தாம் படம் வரைந்து வழிகாட்டலானார். பழைய பிரிவினை திரும்பிவிட்டதே என்று சிலர் குறை கூறுவர். அதில் உண்மையில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். எனினும் அனல் முன் நின்று பழகியவர் ஏவுவதற்கும், அதனருகே செல்லாதவர் ஏவுவதற்கும் பேதம் உண்டு. அன்றியும், அவரை விட்டுப் பிரிந்து தனியே தொழில் செய்ய விரும்பும் உதவியாளனுக்கு இன்று ஒரு சிற்றுலை கிடைக்கும். மரினோவுக்குக் கிட்டாதது அதுவே.